பேக்ஸ் வந்தது, மின்னஞ்சல் வரவில்லை: கோளாறை எங்கே தேடுவது

எங்கள் அலுவலகம் திருப்பூரில் இருக்கிறது. பின்னலாடை வாங்கும் ஜப்பானிய வாடிக்கையாளர் ஒருவர் அளவுப் பட்டியலை இன்றும் பேக்ஸில்தான் அனுப்புகிறார். ஒசாகாவில் காலை 9 மணிக்கு அவர்கள் வேலையைத் தொடங்கும்போது இங்கே மணி 5.30. எங்கள் கதவைத் திறக்க இன்னும் நான்கு மணி நேரம் ஆகும். அதற்குள் தட்டில் விழுந்து கிடக்கும் தாள்கள் மின்னஞ்சலிலும் வந்துவிட்டால், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வீட்டில் இருந்தபடியே பார்த்து சாம்பிள் பிரிவுக்கு வேலை சொல்லிவிடலாம். அதற்காகத்தான் பேக்ஸ், அச்சு, ஸ்கேன் எல்லாம் செய்யும் எங்கள் மல்டிபங்ஷன் இயந்திரத்தை மின்னஞ்சலோடு இணைத்தோம். இணைப்பது அரை நாள் வேலை. அதன் பிறகு வரும் கோளாறுகளுக்குத்தான் பொறுமை வேண்டும்.

ஒருமுறை, பேக்ஸுக்காக வைத்திருந்த மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை ஒருவர் நல்ல எண்ணத்தில் மாற்றினார். அந்த நிமிடத்திலிருந்து எதுவும் மின்னஞ்சலாகப் போகவில்லை. காகிதம் மிச்சமாகட்டும் என்று அச்சிடுவதையும் நிறுத்தி வைத்திருந்தோம். இரண்டு நாள் எவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இயந்திரம் மெமரி நிரம்பிவிட்டதாகக் காட்டியது. பழக்கதோஷத்தில் ஒருவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டார். உள்ளே காத்திருந்த பக்கங்கள் அத்தோடு போயின. ஒசாகாவில் விசாரித்தால், ஒவ்வொரு அனுப்புகைக்கும் 'ஓகே' என்று அச்சான சீட்டை அவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அந்தச் சீட்டில் பொய் இல்லை. நம் இயந்திரம் பக்கத்தை வாங்கிக்கொண்டதும் 'கிடைத்தது' என்று தொலைபேசிக் கம்பி வழியே பதில் ஒலி அனுப்புகிறது. அதைக் கேட்டுத்தான் எதிர்முனை 'ஓகே' அச்சடிக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் மின்னஞ்சலாகப் போனதா, நின்றதா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியே கிடையாது. தொலைந்தால் அது நம் வீட்டுக்குள் தொலைந்தது. ஆகவே அமைப்பைத் தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள்: பேக்ஸை மின்னஞ்சலுக்குத் திருப்பும் மெனுவிலேயே, திருப்பிய பிறகும் ஒரு பிரதி அச்சிடு என்ற தேர்வு பெரும்பாலான இயந்திரங்களில் இருக்கும். அதை இயக்குங்கள். இரண்டு மாதம் ஒரு பக்கமும் தவறாமல் ஓடினால், பிறகு காகிதத்தை நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம்.

இனி கோளாறுகள். எது வந்தாலும் முதல் வேலை, இயந்திரத்திலிருந்து நடவடிக்கை அறிக்கையை, அதாவது வந்ததும் போனதுமான பேக்ஸ்களின் பட்டியலை, அச்சிட்டுப் பார்ப்பது. ஒரு பேக்ஸ் மூன்று இடங்களைத் தாண்டுகிறது: தொலைபேசிக் கம்பி, இயந்திரத்தின் மெமரி, மின்னஞ்சல் சர்வர். அறிக்கையில் பேக்ஸ் வந்ததாகவே பதிவு இல்லையென்றால் தொலைபேசிப் பக்கம் போங்கள். வந்த பதிவு இருந்து, திருப்பியது தோல்வி என்றிருந்தால் தொலைபேசியைத் தொடாதீர்கள். இந்த ஒரு தாளைப் பார்க்காமல் எல்லா அமைப்பையும் மாற்றிப் போட்டு, நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அச்சில் வருகிறது, மின்னஞ்சலில் வரவில்லை

அடிக்கடி வருவது இதுதான். முதலில் இயந்திரத்தின் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள், சரியாகவில்லையென்றால் வேறு கேபிளில் பாருங்கள். முகவரி சரியாக இருந்தும் 'சர்வர் கிடைக்கவில்லை' என்றால், சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸுக்கான கட்டத்தைத் திறந்து பாருங்கள். ஐபி முகவரியைக் கையால் நிரப்பியவர்கள் டிஎன்எஸ் இடத்தைக் காலியாக விட்டுவிடுவது வழக்கம். அந்தக் கட்டத்தில் ரவுட்டரின் முகவரியை இட்டால் பெரும்பாலும் போதும்.

சர்வர் கிடைத்து, உள்ளே விட மறுக்கிறது என்றால் கடவுச்சொல்லைச் சந்தேகியுங்கள். பிழை எண் 535 என்று தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். 2022 மே 30 முதல், வெறும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு நுழையும் பழைய சாதனங்களைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் கூகுள் அனுமதிப்பதில்லை. பேக்ஸ் இயந்திரமும் அந்த வகைதான். கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, இயந்திரத்துக்கென்றே ஓர் ஆப் கடவுச்சொல் உருவாக்க வேண்டும். அது 16 எழுத்துகள். திரையில் நந்நான்காகப் பிரித்துக் காட்டும். தட்டும்போது இடைவெளி விடாமல் சேர்த்துத் தட்டுங்கள்.

எங்கள் விபத்துக்குக் காரணமும் இதற்குள்ளேதான் இருந்தது. கூகுள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால், அதில் உருவாக்கியிருந்த ஆப் கடவுச்சொற்கள் எல்லாம் ரத்தாகிவிடும். புதிதாக ஒன்றை உருவாக்கி இயந்திரத்தில் இடும்வரை எதுவும் போகாது. இப்போது அந்தக் கணக்கின் விவரம் எழுதிய அட்டையில், 'கடவுச்சொல்லை மாற்றினால் பேக்ஸையும் மாற்று' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கடவுச்சொல்லை இயந்திரத்தின் சிறிய பொத்தான்களில் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து குழம்பிவிடும். சில குறியீடுகள் அந்தப் பலகையில் இருக்கவே இருக்காது. அலுவலகக் கணினியின் உலாவியில் இயந்திரத்தின் ஐபி முகவரியை இட்டால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே நிதானமாகத் தட்டலாம்.

மைக்ரோசாப்ட் 365 வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. சாதனங்கள் எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் முறை) வழியாக நுழையும் அனுமதி பல நிறுவனக் கணக்குகளில் முதலிலேயே மூடப்பட்டிருக்கும். நிர்வாகி அந்த ஒரு அஞ்சல் பெட்டிக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். திறந்த பிறகும் 5.7.60 என்ற எண் வந்தால், நுழையும் கணக்கு ஒன்று, 'அனுப்புநர்' இடத்தில் எழுதியிருக்கும் முகவரி வேறொன்று என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாக்கினால் தீரும்.

அடுத்து போர்ட் எண், அதாவது சர்வரின் எந்த வாசலில் நுழைவது என்று சொல்லும் எண். டிஎல்எஸ் என்பது அஞ்சலை வழியில் யாரும் படிக்காதபடி மறைக்கும் பாதுகாப்பு. 587 என்றால் இணைந்த பிறகு அதைத் தொடங்கும் ஸ்டார்ட்-டிஎல்எஸ், 465 என்றால் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ். எண்ணை ஒன்றாகவும் பாதுகாப்பு வகையை மற்றொன்றாகவும் வைத்தால் இயந்திரம் நெடுநேரம் காத்திருந்து கைவிட்டுவிடும். 25 வேண்டாம். இணைய சேவை நிறுவனங்கள் பலவும் குப்பை அஞ்சலைத் தடுக்க அந்த வழியை மூடி வைத்திருக்கின்றன. இயந்திரம் பழையதாக இருந்து டிஎல்எஸ் 1.2 பேசத் தெரியாவிட்டால் எந்த எண்ணை வைத்தும் பயனில்லை. தயாரிப்பாளர் புதிய மென்பொருள் தந்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கணினியை நடுவில் வைத்து, இயந்திரம் அதனிடம் கொடுக்க, அது வெளியே அனுப்பும்படி செய்யலாம். அலுவலகத்துக்குள்ளிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி அந்தக் கணினியைப் பூட்டி வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் நேற்றுவரை போனது இன்று போகவில்லை, இடையில் நீண்ட மின்வெட்டு வந்தது என்றால், கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோன இயந்திரங்கள் மின்சாரம் திரும்பும்போது பல வருடம் பின்னே போய் நிற்கும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்து, இது செல்லுபடியாகும் நாள் இன்னும் வரவில்லையே என்று இயந்திரம் இணைப்பைத் துண்டித்துவிடும். நேரத்தை இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் வசதியை இயக்கி, நேர மண்டலத்தை 5.30 என்று வையுங்கள். நீங்கள் அனுப்பும் பேக்ஸின் தலைப்பு வரியில் அச்சாவதும் இதே கடிகாரம் காட்டும் தேதிதான். ஆர்டர் உறுதிக் கடிதத்தில் தவறான தேதி விழுந்தால், பின்னால் ஒரு வழக்கென்று வரும்போது வருந்த நேரிடும்.

சோதனை அஞ்சல் போகிறது, பேக்ஸ் மட்டும் போகவில்லை என்றால் சர்வரில் குறையில்லை. திருப்பும் முகவரி இன்னும் முகவரிப் புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலையை விட்டுப்போனவரின் பெயரை அங்கிருந்து நீக்கும்போது, திருப்பும் அமைப்பும் சேர்ந்து போய்விடுவது உண்டு. தனி ஆளின் முகவரிக்குப் பதிலாக, இரண்டு மூன்று பேர் பார்க்கும் பொது முகவரியை வைப்பது நல்லது.

ஸ்பேமில் போய் விழுகிறது

பேக்ஸ் அஞ்சலில் எழுத்து இருக்காது, இணைத்த கோப்பு மட்டும் இருக்கும். தலைப்பு எப்போதும் ஒன்றே. வடிகட்டிக்குச் சந்தேகம் வருவது இயல்பு. சொந்த டொமைன் வைத்திருந்தால், அதன் பெயரில் அனுப்ப எந்தச் சர்வருக்கு உரிமை என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில், இயந்திரம் பயன்படுத்தும் சர்வரும் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனக்கு அஞ்சல் அனுப்புகிற எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (அஞ்சலில் சேரும் டிஜிட்டல் கையொப்பம்) இரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கிறது. பெறும் பெட்டியில், இந்த முகவரியிலிருந்து வருவதை ஸ்பேமுக்கு அனுப்பாதே என்று ஒரு விதியையும் எழுதிவிடுங்கள்.

அஞ்சல் வந்தது, படம் நசுங்கியிருக்கிறது

இதைப் பார்த்து இயந்திரம் பழுது என்று மெக்கானிக்கை அழைத்தவர்கள் உண்டு. பழுதே இல்லை. சாதாரணத் தரத்தில் வரும் பேக்ஸ் குறுக்கே அங்குலத்துக்கு 204 புள்ளி, நெடுக்கே 98 புள்ளி. அதாவது ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல், அகலத்தைப்போல் இரண்டு பங்கு உயரமாக இருக்கிறது. படம் காட்டும் சில மென்பொருள்கள் இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் சதுரப் புள்ளியாக வைத்து விரிக்கின்றன. உடனே பக்கம் பாதி உயரத்துக்குக் குறுகி, எழுத்தெல்லாம் மிதிபட்டதுபோல் தெரியும். பல பக்கங்கள் கொண்ட டிஃப் (TIFF) படக் கோப்பில் முதல் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைத்துவிடும் மென்பொருள்களும் இருக்கின்றன. நான்கு பக்கம் வந்ததை ஒரு பக்கம் என்று நம்பி வேலையைத் தொடங்குவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். திருப்பும் கோப்பு வகையை டிஃபிலிருந்து பிடிஎஃப் என்று மாற்றினால் இரண்டும் தீரும்.

பக்கம் முழுக்க வெள்ளையாக வந்தால், பெரும்பாலும் அனுப்பியவர் தாளைத் திருப்பி வைத்துவிட்டார். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும்.

மணி அடிக்கிறது, இயந்திரம் எடுக்கவில்லை

பெறும் முறை 'மேனுவல்' என்று மாறியிருக்கும். 'ஆட்டோ' ஆக்கி, இரண்டு முறை மணி அடிப்பதற்குள் எடுக்கும்படி வையுங்கள். எட்டு முறை மணி அடிக்கும்வரை விட்டால் அனுப்பும் இயந்திரம் பொறுமையிழந்து வைத்துவிடலாம். அதே இணைப்பில் பேசும் தொலைபேசியும் இருந்தால், எடுத்தவருக்கு அரை நொடி 'பீப்', மூன்று நொடி அமைதி, மறுபடி 'பீப்' என்று கேட்கும். அது 1,100 ஹெர்ட்ஸ் ஒலி. எதிர்முனையில் பேக்ஸ் காத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். வைத்துவிடாமல் இயந்திரத்தில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தச் சொல்லிக் கொடுங்கள். கால் வெயிட்டிங் வசதி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நடுவில் வரும் அந்த ஒரு ஒலியே பேக்ஸை அறுத்துவிடும்.

பாதியில் அறுகிறது, கோடு கோடாக வருகிறது

செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்பு தந்த பிறகு இந்தப் புகார் தொடங்கியதா? எங்களுக்கு அப்படித்தான் தொடங்கியது. ஃபைபரில் உங்கள் தொலைபேசி இணையத்தின் மேல் ஓடுகிறது. குரல் சிறு சிறு பொட்டலங்களாக உடைந்து போகிறது. பேச்சில் ஒரு பொட்டலம் காணாமல் போனால் காது கண்டுகொள்ளாது. பேக்ஸில் அது ஒரு வரியாகவோ, முழு அழைப்பாகவோ போய்விடும். ரிசீவரை எடுத்தால் டயல் டோன் தெளிவாகத்தானே கேட்கிறது என்பார்கள். அந்த டயல் டோன் உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியே உண்டாக்குவது. அதற்கு அப்பால் உள்ள பாதையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இயந்திரத்தில் முதலில் வேகத்தைக் குறையுங்கள். சூப்பர் ஜி3 என்ற, நொடிக்கு 33,600 பிட் வேகத்தை அணைத்து 14,400 வையுங்கள். போதாவிட்டால் 9,600. ஒரு பக்கத்துக்குச் சில நொடிகள் கூடும், அவ்வளவுதான். எங்கள் இயந்திரத்தில் 9,600 வைத்த அன்றே முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்தது.

பிழை திருத்தும் முறையான ஈசிஎம்மை அணைத்துவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். கெட்டுப்போன துண்டை மறுபடி கேட்டு வாங்குவது அதன் வேலை. இணைப்பு மோசமாக இருந்தால் கேட்டுக் கேட்டே அழைப்பு அறுந்துவிடும். அணைத்தால் அழைப்பு முடிவுவரை ஓடும் என்பது உண்மை. நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறேன். ஈசிஎம் இல்லாமல் வந்த ஓர் அளவுப் பட்டியலில், மார்பளவு எண்ணின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு ஓடியிருந்தது. 53 என்றும் படிக்கலாம், 58 என்றும் படிக்கலாம். சாம்பிள் மாஸ்டர் கையில் டேப்போடு அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. கடைசியில் ஒசாகாவுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அறுந்துபோன பேக்ஸை மறுபடி அனுப்புவார்கள். தவறாகப் படிக்கக்கூடிய பேக்ஸை அப்படியே வெட்டத் தொடங்கிவிடுவோம். அறுவதே மேல்.

தொலைபேசி நிறுவனத்திடம் கேட்க வேண்டியது இரண்டு. குரலை ஜி.729 முறையில் சுருக்குகிறார்களா? அப்படியென்றால் பேக்ஸ் ஒலி தாங்காது. அவ்வளவாகச் சுருக்காத ஜி.711 ஆக்கச் சொல்லுங்கள். அடுத்து, பேக்ஸுக்கென்றே உள்ள டி.38 வசதி உண்டா? இருந்தால் இயக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் சேவையில் முதலில் எடுப்பவருக்கு இந்தப் பெயர்கள் தெரியாமல் இருக்கலாம். இணைப்பைப் பொருத்த வரும் டெக்னீஷியனிடம் சொன்னால் காரியம் நடக்கும்.

யுபிஎஸ்ஸில் பேக்ஸ் இயந்திரத்தை மட்டும் மாட்டினால் போதாது. பழைய செம்புக் கம்பிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. ஃபைபர் பெட்டிக்கு நம் கரண்ட் வேண்டும். அதையும் ரவுட்டரையும் சேர்த்து மாட்டுங்கள்.

மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால் பேக்ஸ் போகவில்லை

டி.37 வசதியுள்ள இயந்திரங்கள் ஓர் அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்து, அதில் வருவதை எடுத்து, குறிப்பிட்ட எண்ணுக்கு டயல் செய்து பேக்ஸாக அனுப்பும். போகவில்லையென்றால் அஞ்சலோடு இணைத்த கோப்பைப் பாருங்கள். பல இயந்திரங்கள் டிஃப் கோப்பை மட்டும்தான் ஏற்கும். வேர்டு கோப்பை இணைத்தால் ஒதுக்கிவிடும். கணினியிலேயே இயந்திரத்தின் பேக்ஸ் டிரைவரை நிறுவி, அச்சிடுவதுபோல் அனுப்புவது இதைவிடச் சுலபம். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்கிறோம்.

எண்ணை எழுதுவதிலும் தவறு நேரும். ஒசாகாவின் உள்நாட்டுக் குறியீடு 06. இங்கிருந்து அழைக்கும்போது அந்தப் பூஜ்யம் போய், 00 81 6 என்று தொடங்கும். அலுவலக எக்ஸ்சேஞ்ச் வழியாக வெளியே போகிறதென்றால் முன்னால் 0 அல்லது 9 போட்டு, ஒரு இடைநிறுத்தமும் வைக்க வேண்டும். வெளிநாட்டு அழைப்பு வசதி அந்த இணைப்பில் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

யாரிடமிருந்து வரும் அஞ்சலை இயந்திரம் ஏற்கலாம் என்ற பட்டியலைக் கட்டாயம் நிரப்புங்கள். காலியாக விட்டால், அந்த முகவரி தெரிந்த எவரும் உங்கள் இணைப்பிலிருந்து வெளிநாட்டுக்கு டயல் செய்யலாம். பில் வரும்போதுதான் தெரியும்.

மெமரி நிரம்பிவிட்டது என்கிறது

ஸ்விட்சைத் தொடாதீர்கள். பல இயந்திரங்களில் பேக்ஸ் மெமரி மின்சாரம் போனதும் அழிந்துவிடும் வகை. அனுப்ப முடியாமல் தேங்கிய பக்கங்கள்தான் அதை நிரப்பியிருக்கின்றன. ஒரு பக்கம் சில பத்து கிலோபைட்தான் என்றாலும், இயந்திரத்தின் மெமரியும் சிறியது. முதலில் தட்டில் தாள் இருக்கிறதா, டோனர் இருக்கிறதா என்று பாருங்கள். மெனுவில் மெமரியில் உள்ளவற்றின் பட்டியலை அச்சிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக அச்சிடச் சொல்லுங்கள். அச்சு வராவிட்டால், வேறொரு பேக்ஸ் எண்ணுக்கு எல்லாவற்றையும் மாற்றி அனுப்பும் வசதி சில இயந்திரங்களில் இருக்கிறது. பக்கத்து அலுவலகத்தில் பேக்ஸ் இருந்தால் கேட்டுப் பாருங்கள், தர மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

கையில் வந்த தாள்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பக்க எண்ணிக்கை சரியா என்று எண்ணுங்கள். மெமரி காலி என்று திரை காட்டிய பிறகு, அனுப்பத் தவறிய காரணத்தைத் தேடி மேலே சொன்ன முதல் பகுதிக்குப் போங்கள். சரிசெய்ததும் வேறோர் இடத்திலிருந்து ஒரு பக்கத்தை உங்களுக்கே பேக்ஸ் அனுப்பச் சொல்லி, அது தட்டிலும் பெட்டியிலும் வந்து சேர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.